ட்ரோம்சோவில் வாழ்வதும் போய் வருவதும்: கேள்வி பதில்

வட நோர்வேயில், ஒரு தீவின் மேல் அமைந்த ஊர் ட்ரோம்சோ. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே ஏறக்குறைய 350 கிலோமீட்டர். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் சுமார் 78,000 பேர். பல வருஷமாக இங்கே குடியிருக்கிறேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களும், படிக்கவோ வேலைக்கோ வர நினைக்கிறவர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: அக்கா, டிசம்பர் முழுக்கக் கும்மிருட்டு என்கிறார்களே, எப்படித் தாங்குகிறீர்கள்?

கும்மிருட்டு இல்லை, தம்பி. நவம்பர் 27 வாக்கில் அடிவானத்துக்குக் கீழே போகும் சூரியன் ஜனவரி 15 வாக்கில்தான் மேலே வரும். சுற்றிலும் மலை என்பதால் ஊருக்குள் வெயில் விழ ஜனவரி 21 ஆகிவிடும். அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பேக்கரிகளில் சூரியன் பெயரிலேயே பன் விற்பார்கள். ஆனால் அந்த ஏழெட்டு வாரமும் நடுப்பகலில் சூரியன் அடிவானத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அதனால் இரண்டு மூன்று மணி நேரம் வானம் நீலமும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக இருக்கும். தரையில் பனி கிடந்தால் அந்த வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரியும். பனி விழாமல் மழை மட்டும் பெய்கிற டிசம்பர்தான் மனத்தை அழுத்தும்.

இங்கே குடியேற வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, அந்த நடுப்பகல் வெளிச்சத்தைத் தவறவிடாதீர்கள் என்பதுதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரமாவது வெளியே நடங்கள். எழுகிற நேரத்தை மாற்றாதீர்கள். இங்குள்ளவர்கள் வைட்டமின் டிக்காகக் காட் மீன் ஈரல் எண்ணெய் ஒரு கரண்டி குடிப்பார்கள். உங்களுக்கு எது சரி என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தீவின் முதுகு நெடுக விளக்குப் போட்ட பனிச்சறுக்குப் பாதை இருக்கிறது, வேலை முடிந்து ஊரே அங்கே போகும். ஜனவரி நடுவில் சர்வதேசத் திரைப்பட விழா. 1991இல் தொடங்கியது, திறந்தவெளித் திரையில்கூடப் படம் போடுவார்கள். வீட்டுக்குள் முடங்கினால்தான் இருட்டு ஆளைத் தின்னும்.

உண்மையில் எனக்குக் கஷ்டம் கோடைதான். மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளைகள் வெளியே பந்து விளையாடுவார்கள், உடம்புக்குத் தூக்கமே வராது. வெளிச்சம் துளியும் புகாத கனமான திரைச்சீலை வாங்குங்கள். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கே: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. பிப்ரவரியில் அழைத்து வரலாமா? குளிர் தாங்குமா?

குளிரைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டிப் போவதால் துறைமுகம் உறைவதில்லை. ஜனவரி சராசரி மைனஸ் 4 டிகிரி அளவுதான். மைனஸ் 20ஐத் தொடுவது மிக அரிது.

கவலைப்பட வேண்டியது தரையைப் பற்றி. குளிர்காலத்தின் நடுவிலேயே திடீரென்று மழை பெய்யும். மறுநாள் எல்லாம் உறைந்து தெரு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். நடைபாதையில் சரளைக்கல் தூவுவார்கள், அதுவும் சில நேரம் பனிக்கட்டிக்குள் புதைந்துவிடும். ஷூவின் அடியில் மாட்டிக்கொள்ளும் முள் பட்டை கடைகளில் கிடைக்கும். வந்திறங்கிய அன்றே அம்மாவுக்கு ஒரு ஜோடி வாங்குங்கள். கடைக்குள் போகும்போது கழற்றிவிட வேண்டும், வழுவழுப்பான தரையில் அதுவே சறுக்கும். கூரைகளிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழும், சுவரை ஒட்டி நடக்க விடாதீர்கள். கோட்டில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒன்று தொங்க வேண்டும். இங்கே பெரியவர்களும் தயங்காமல் மாட்டிக்கொள்வார்கள்.

முழங்காலுக்குச் சிரமம் தராத இடம் கேபிள் கார். 421 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். ஊர், பாலம், கடல், சுற்றுமலை எல்லாம் தெரியும். அதற்குப் போகிற வழியிலேயே, பாலத்தின் அந்தப் பக்கம், 1965இல் கட்டிய முக்கோண வடிவ ஆர்க்டிக் தேவாலயம் இருக்கிறது.

கே: எத்தனை ஸ்வெட்டர் போட வேண்டும்?

எண்ணிக்கை முக்கியமில்லை. உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன் மேல் தடித்த கம்பளி, வெளியே காற்று புகாத, நனையாத ஜாக்கெட். பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். வீடு, பேருந்து எல்லாம் உள்ளே நல்ல கதகதப்பு, அதனால் சட்டென்று கழற்ற முடிகிற மாதிரி உடுத்துங்கள்.

கே: மூன்று இரவு தங்குகிறோம். துருவ ஒளி (இரவு வானில் ஆடும் அரோரா வெளிச்சம்) நிச்சயம் தெரியுமா?

நிச்சயம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை காலம். துருவ ஒளி அடிக்கடி தோன்றும் வளையத்தின் கீழேயே ட்ரோம்சோ இருப்பதால் ஒளிக்குக் குறைவில்லை, குறுக்கே நிற்பது மேகம். கடலோரம் மூடியிருந்தாலும் உள்நாட்டுப் பக்கம், ஷிபோட்ன் பள்ளத்தாக்கிலோ ஃபின்லாந்து எல்லையிலோ, வானம் திறந்திருக்கலாம். வழிகாட்டிகள் வண்டியில் அவ்வளவு தூரம் கூட்டிப்போவது இதனால்தான். முதல் இரவுக்கே அந்தப் பயணத்தைப் பதிவு செய்யாமல், மேக முன்னறிவிப்பைப் பார்த்து மூன்றில் எது தெளிவோ அதற்குப் பதிவு செய்யுங்கள். துருவ ஒளியை மட்டுமே நம்பி வந்தால் ஏமாற வாய்ப்பு உண்டு. போலார் அருங்காட்சியகத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். தென் துருவத்தை முதலில் எட்டிய நோர்வேக்காரர் அமுண்ட்சென் 1928 ஜூன் 18 அன்று இந்த ஊரிலிருந்துதான் கடைசியாகப் பறந்தார். வான்கப்பல் விபத்தில் சிக்கிய இத்தாலியர் நோபிலேயைத் தேடிப் போனவர் திரும்பவில்லை.

கே: நர்ஸ் வேலைக்கு முயற்சி செய்யலாமா? படிப்பு இலவசமா?

ஊரில் பெரிய வேலை இடங்கள் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனையும். நோயாளியோடு பேசுகிற வேலைக்கு நோர்வே மொழி கட்டாயம். முதலில் மொழி, பிறகு விண்ணப்பம். ஆராய்ச்சி, செயற்கைக்கோள் தரைநிலையம் போன்ற துறைகளில் ஆங்கிலம் ஓரளவு ஓடும். படிப்பு இலவசம் என்பது பழைய கதை. 2023 இலையுதிர் பருவத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களுக்குக் கட்டணம் உண்டு.

கே: சாப்பாடு? நம்மவர்கள் இருக்கிறார்களா?

அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் ஆசியக் கடைகளில் கிடைக்கும். கீரையும் பச்சைக் காய்கறியும் விலை அதிகம். மீன் சாப்பிடுவீர்கள் என்றால் குளிர்காலக் கடைசியில் முட்டையிட வரும் காட் மீனை விடாதீர்கள். ஈரலும் சினையும் சேர்த்து அவித்துத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் அடைப்பு, சனியன்றே வாங்கி வையுங்கள்.

தமிழர் இந்த வடக்குக்குப் புதியவர்கள் இல்லை. 1980களில் இலங்கையிலிருந்து வந்த பலர் நோர்வேயின் வடகோடிப் பகுதியான ஃபின்மார்க்கின் சிறு மீன்பிடி ஊர்களில், மீன் வெட்டும் ஆலைகளில் உழைத்தார்கள். பிறகு நிறையப் பேர் தெற்கே, ஒஸ்லோ பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் நின்று உழைத்த அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு மிகுந்த மரியாதை வருகிறது.

கே: மக்கள் பேசவே மாட்டார்களாமே?

பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்து கதை பேச மாட்டார்கள். வசந்தத்தில் குடியிருப்பே கூடி வாசல் பெருக்கும் நாளுக்குத் துடைப்பத்தோடு போய் நில்லுங்கள், பேச்சு தானாக வரும். பாட்டுக் குழு, மலையேற்றக் குழு எதிலாவது சேருங்கள்.

கே: ஒரே ஒரு மாதம்தான் என்றால் எது?

மார்ச். பகலும் இரவும் ஏறக்குறைய சரிசமம், பனி முழுசாக இருக்கும், இரவில் துருவ ஒளிக்கும் வாய்ப்பு உண்டு. ஈஸ்டர் வாரம் அந்த மாதத்தில் விழுந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள்; பெரிய வியாழனிலிருந்து ஈஸ்டர் திங்கள் வரை பெரும்பாலான நாள் கடை அடைப்பு.