'ஹார்ட் டைம்' என்றால் நேரம் சரியில்லை என்று பொருளா?

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் 'ஐ ஆம் ஹேவிங் ஹார்ட் டைம் டு அண்டர்ஸ்டாண்ட் திஸ் ரிப்போர்ட்' என்று எழுதினேன். தவறு என்று மேலாளர் திருத்தினார். 'எனக்கு நேரம் சரியில்லை' என்றுதானே இதற்கு அர்த்தம்? எங்கே பிசகினேன்?

பதில்: முதலில் அர்த்தம். கிரகத்துக்கும் இந்தத் தொடருக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு காரியத்தைச் செய்யத் திணறுகிறேன், அவ்வளவுதான். 'ஹார்ட்'டுக்கு முன்னால் ஒரு 'எ' போடுங்கள். 'டு அண்டர்ஸ்டாண்ட்' என்பதை 'அண்டர்ஸ்டாண்டிங்' ஆக்குங்கள். 'ஐ ஆம் ஹேவிங் எ ஹார்ட் டைம் அண்டர்ஸ்டாண்டிங் திஸ் ரிப்போர்ட்.' சரியாகிவிட்டது.

'புரிந்துகொள்ளக் கஷ்டமாக இருக்கிறது' என்று தமிழில் நினைக்கிறோம். 'கொள்ள' என்றதும் கை தானாக 'டு' போடுகிறது. 'டு'வை விட மனமில்லை என்றால் 'ஐ ஃபைண்ட் இட் ஹார்ட் டு அண்டர்ஸ்டாண்ட்' என்று எழுதுங்கள். 'ஹார்ட் டைம்' என்பதற்குப் பின் பெயர்ச்சொல் வந்தால் 'வித்' போடுங்கள்: 'எ ஹார்ட் டைம் வித் திஸ் ரிப்போர்ட்'.

'முப்பதே நாளில் நூறு மரபுத்தொடர்' என்று விற்கிறார்களே, அந்தப் பட்டியல்களை மட்டும் நம்பாதீர்கள். இந்தத் தொடருக்கு எதிரே 'கஷ்டம்' என்று ஒரே சொல் இருக்கும். வாக்கியத்தில் எப்படி வைப்பது என்று ஒரு வரிகூட இருக்காது. காசு வாங்குகிறவர் அதையாவது சொல்ல வேண்டாமா? தேர்வுகளும் 'பொருத்துக' என்று மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுகின்றன. பிள்ளைகள் பொருத்திவிடுகிறார்கள், பேசத்தான் வரவில்லை.

அந்தப் பட்டியலை நம்பியவர்கள் வசமாக மாட்டுவது 'கிவ்' சேரும்போதுதான். 'ஹேவ்' என்றால் நான் திணறுகிறேன். 'கிவ்' என்றால் இன்னொருவர் என்னைப் படுத்துகிறார். 'மை மேனேஜர் கேவ் மீ எ ஹார்ட் டைம்' என்றால் மேலாளர் என்னை வறுத்தெடுத்தார் என்று பொருள். அவர் கடினமான வேலை கொடுத்தார் என்று நினைத்து எழுதினால் அது புகாராகிவிடும். நண்பர்களுக்குள் இதே தொடர் வெறும் கிண்டலையும் குறிக்கும். நேரில் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், மின்னஞ்சலில் முகம் ஏது? அதனால் மேலதிகாரியைப் பற்றி எழுதும்போது 'கிவ்' வேண்டவே வேண்டாம்.

அப்புறம், அடுத்த மின்னஞ்சலில் அறிக்கையின் எந்தப் பகுதி புரியவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'திஸ் ரிப்போர்ட்' என்று மொத்தமாகச் சொன்னால் அவர் எதை விளக்குவார்?