வில்லியம் மதர்வெல் யார்? பாலட் சேகரிப்பில் அவர் பெயர் ஏன் வருகிறது?

மதர்வெல் (1797–1835) ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்த கவிஞர். 'பெய்ஸ்லி அட்வர்டைசர்', அப்புறம் 'கிளாஸ்கோ கூரியர்' பத்திரிகைகளின் ஆசிரியர்.

பாலட் என்றால் கதை சொல்லும் பாட்டு. வாய்வழியாகவே வருவதால் ஆளுக்கு ஆள் வரி மாறும். அந்தக் காலத்துத் தொகுப்பாளர்கள் பலர், நாலு பேர் பாடியதில் நல்ல வரிகளைப் பொறுக்கி ஒரே பாட்டாக ஒட்டிவிடுவார்கள். நாலு வீட்டுக் குழம்பை ஒரே சட்டியில் கொட்டினால் யார் வீட்டுக் கைமணமும் மிஞ்சாது, இல்லையா? அப்படிக் கலக்க வேண்டாம் என்று 1825இல் புகழ்பெற்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டே மதர்வெல்லுக்குக் கடிதம் எழுதினார். பாடியவர் வாயில் வந்தபடியே பதிய வேண்டும் என்று மதர்வெல் தன் 1827 பாலட் தொகுப்பின் முன்னுரையில் அழுத்திச் சொன்னார். என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய கொடை இதுதான்.

அந்தத் தொகுப்பின் பழைய பாலட்களை அவரே எழுதினார் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளித் தோழியை நினைத்துப் பாடிய 'ஜீனி மாரிசன்' போன்ற சொந்தக் கவிதைகள் 1832இல் தனி நூலாக வந்தன.