மின்புலத்தின் குறி எந்தப் பக்கம்? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, காஸியன் என்ற குவாண்டம் வேதியியல் கணினி நிரலில் நேர் இசட் திசையில் 0.001 அணு அலகு மின்புலம் கொடுத்தேன். குறையும் என்று எதிர்பார்த்த ஆற்றல் கூடுகிறது. உள்ளீட்டில் பிழையா?

பதில்: பிழை இல்லை. இயற்பியல் மரபில், நேர் மின்னூட்டம் தள்ளப்படும் திசையே புலத்தின் திசை. இருமுனைத் திருப்புத்திறன், அதாவது மூலக்கூறில் மின்னூட்டம் பிரிந்திருக்கும் அளவையும் திசையையும் காட்டும் திசையன், எதிர் மின்னூட்டத்திலிருந்து நேர் மின்னூட்டத்தை நோக்கும். இரண்டும் ஒரே பக்கம் நோக்கினால் ஆற்றல் குறையும். காஸியன் திருப்புத்திறனை இம்மரபிலேயே அச்சிட்டுவிட்டு, புலத்தை மட்டும் தலைகீழாக எடுத்துக்கொள்கிறது.

என் சொல்லையும் நம்பிவிடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். லித்தியம் ஹைட்ரைடில் லித்தியத்தை நேர் இசட் பக்கம் வையுங்கள். அம்மூலக்கூறின் திருப்புத்திறன் 5.88 டிபை (திருப்புத்திறனின் வழக்கமான அலகு), அதாவது ஏறத்தாழ 2.31 அணு அலகு. நீங்கள் கொடுத்த அதே புலத்தில் ஆற்றல் சுமார் 0.0023 ஹார்ட்ரீ (ஆற்றலின் அணு அலகு), அதாவது மோலுக்கு 1.45 கிலோகலோரி அளவு நகரும். குறைந்தால் இயற்பியல் மரபு, கூடினால் எதிர் மரபு. முனைவுத்திறனால் (புலத்தில் எலக்ட்ரான் முகில் நகரும் இயல்பால்) வரும் சிறு பங்கை நீக்க, இரு குறிகளிலும் கணக்கிட்டு வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். சில நிரல்கள் மூலக்கூறைத் தம் விருப்பப்படி திருப்பி வைத்துக்கொள்ளும் என்பதால், அணுக்களின் ஆயங்களை அச்சிட்டுப் பார்க்காமல் குறியைப் பற்றிப் பேசாதீர்கள்.

கேள்வி: ஹீலியத்தில் சோதித்தேன். இரு குறிகளிலும் ஆற்றல் ஒரே அளவு குறைகிறதே?

பதில்: நிரந்தரத் திருப்புத்திறன் இல்லாத அணுவில் ஆற்றல் புலத்தின் இருபடியைப் பொறுத்தது, அதில் குறி தெரியாது. தூண்டப்பட்ட திருப்புத்திறனைப் பாருங்கள்: 0.001 அலகு புலத்துக்கு சுமார் 0.0014 அணு அலகு வரும். அதன் திசையே விடை.

கேள்வி: நேர் முனையில் குறுக்குக்கோடிட்டு எதிர் முனையை நோக்கும் அம்புக்குறியைத்தான் நான் இருபது ஆண்டுகளாக வகுப்பில் வரைகிறேன். அது தவறா?

பதில்: எலக்ட்ரான் அடர்த்தி சாயும் பக்கத்தைக் காட்டும் படமாக அது சரி; திசையனாக எடுத்துக்கொண்டால் தவறு. பன்னாட்டுத் தூய மற்றும் பயன்பாட்டு வேதியியல் ஒன்றியத்தின் வரையறையும் எதிரிலிருந்து நேருக்கே.

கேள்வி (அதே ஆசிரியர்): அம்பைத் திருப்பினால் என்ன கெட்டுவிடும்? அளவு மாறாதே!

பதில்: கார்பன் மோனாக்சைடில் கெட்டுவிடும். சோதனை மதிப்பு 0.11 டிபை; எதிர் முனை, பலரும் நினைப்பதற்கு மாறாக, கார்பன். ஹார்ட்ரீ–ஃபாக் என்ற தோராய முறையின் கணக்கீடு ஆக்சிஜனை எதிர் முனையாக்கும். அது எலக்ட்ரான் ஒட்டுறவை (எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து நகர்வதை) விட்டுவிட்டதால் வரும் மெய்யான பிழை. இரு அம்புகளையும் கலந்து பழகியவர் இதை மரபு வேறுபாடு என்று எண்ணிக் குறியை மாற்றிவிட்டு, தம் முறை சரியாக வேலை செய்ததாக எழுதுவார். அப்படி எழுதப்பட்ட ஆய்வேட்டு வரைவை நான் திருத்தியிருக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் அம்புக்குறி…

பதில்: அம்புக்குறி இத்துடன் போதும்.

கேள்வி: அயனிகளுக்குத் திருப்புத்திறன் ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது.

பதில்: வரத்தான் செய்யும். மின்னூட்டம் உள்ள அமைப்பில் அது ஆயத்தொடக்கப் புள்ளியைப் பொறுத்தது. எந்தப் புள்ளி என்று எழுதாமல் வெளியிடாதீர்கள்.

கேள்வி: 0.001 அலகு புலம் மிகச் சிறியதுதானே?

பதில்: ஓர் அணு அலகு என்பது ஆங்ஸ்ட்ராமுக்கு 51.4 வோல்ட், எனவே உங்களுடையது சென்டிமீட்டருக்கு 5.14 மெகாவோல்ட். 2014இல் கீட்டோஸ்டீராய்டு ஐசோமரேஸ் நொதியின் வினைமையத்தில் அளந்த புலத்தின் பருமன் சென்டிமீட்டருக்கு 144 மெகாவோல்ட், அதாவது 0.028 அணு அலகு.

கேள்வி: உலோகப் பரப்புக் கணக்கீடுகளில் இருமுனைத் திருத்தம்?

பதில்: அது என் துறையன்று, பரப்பு அறிவியலாரிடம் கேளுங்கள்.

கேள்வி: நான் வேறொரு நிரல் பயன்படுத்துகிறேன். அதில் புலத்தின் குறி என்ன?

பதில்: லித்தியம் ஹைட்ரைடு.