சூப்பர்சீடில் வருவது எஸ்ஸா, சியா?

கேள்வி: பழைய ஆணையை நீக்கிப் புது ஆணை வருகிறது என்று சுற்றறிக்கை தயாரித்தேன். சூப்பர்சீட் என்பதில் நான் எழுதிய சியை அடித்துவிட்டு மேலதிகாரி எஸ் போட்டிருக்கிறார். யார் சரி?

பதில்: அவர்தான். கடைசி நான்கு எழுத்து எஸ், ஈ, டி, ஈ. லத்தீனில் சூப்பர் என்றால் மேலே. அதோடு சேர்ந்திருப்பது உட்காருவதைக் குறிக்கும் சொல். புதியது பழையதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நாற்காலியைச் சொல்லும் ஸீட்டும் எஸ்ஸில்தானே தொடங்குகிறது? அதை நினைத்துக்கொண்டால் கை தவறாது.

கேள்வி: பிறகு ஏன் பலருக்கும் சி வருகிறது?

பதில்: ப்ரிசீட், கன்சீட், இன்டர்சீட் எல்லாம் சி, ஈ, டி, ஈ. அவற்றின் வேர் வேறு: போவது, விட்டுக்கொடுப்பது என்று பொருள். எக்சீட், ப்ரொசீட், சக்சீட் மூன்றில் மட்டும் சிக்குப் பின் இரட்டை ஈ. எஸ் போடுவது சூப்பர்சீட் ஒன்றுதான், பாவம். இடைக்கால லத்தீனிலேயே இதைச் சி போட்டு எழுதியவர்கள் உண்டு. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி சி வடிவத்தையும் பதிந்திருக்கிறது. அதை நம்பி அலுவலகக் கடிதத்தில் இறங்காதீர்கள்.

கேள்வி: ப்ரொசீஜரிலும் இரட்டை ஈயா?

பதில்: ஒற்றைதான். ஆங்கிலத்திடம் நியாயம் கேட்க முடியாது.

கேள்வி: பெயர்ச்சொல்?

பதில்: சூப்பர்செஷன். வாலில் கூட்டத்தொடரைச் சொல்லும் செஷன் அப்படியே இருக்கிறது.

கேள்வி: பழைய ஃபோனைக் கொடுத்துப் புதுசு வாங்கினால் இந்தச் சொல் சரிவருமா?

பதில்: அதற்கு ரிப்ளேஸ் போதும். இங்கே பழையது செல்லாமலோ வழக்கொழிந்தோ போக வேண்டும். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தை 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா சூப்பர்சீட் செய்தது என்றால் பொருத்தம்.

கேள்வி: பதவி உயர்வில் ஜூனியர் முந்தினாலும் இதே சொல்லா?

பதில்: ஆமாம், நம் நாட்டில் நன்றாக வேரூன்றிய வழக்கு. 1973இல் ஏ.என். ரே இந்தியத் தலைமை நீதிபதியானபோது ஷெலட், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகள் சூப்பர்சீட் செய்யப்பட்டார்கள். மூவரும் ராஜினாமா செய்தார்கள். 1977இல் எச்.ஆர். கன்னாவுக்கும் அதே கதை. எழுதும்போது திசையைக் கவனியுங்கள்: முந்தியவர் எழுவாய். மூத்தவர்களை முன்னால் வைத்தால் செயப்பாட்டு வினையாக்கி, ரேயின் பெயருக்கு முன் 'பை' சேர்க்க வேண்டும்.