வேக கேமரா சலான் வந்தால்: பணத்தைக் கட்டுவதா, கோர்ட்டில் பார்ப்பதா?

வாசகர் கேள்வி: நான் கோவையில் வேலை பார்க்கிறேன். தை மாதம் முன்னோர் வழிபாட்டுப் படைப்புக்காகத் திருச்சியில் அப்பத்தாவை ஏற்றிக்கொண்டு பள்ளத்தூர் வீட்டுக்கு வந்தேன். கார் அப்பச்சி (என் அப்பா) பெயரில் இருக்கிறது, ஓட்டியது நான். இரண்டு மாதம் கழித்து அப்பச்சியின் போனுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது: திருமயம் – காரைக்குடி சாலையில் 94 கி.மீ. வேகமாம், அந்த இடத்தில் வரம்பு 60. வயதானவரை வைத்துக்கொண்டு நான் 60-ஐத் தாண்டவே இல்லை. சலான் படத்தில் எங்கள் காரை ஒட்டி இன்னொரு காரும் தெரிகிறது. அப்பச்சி, "ஆயிரம் ரூபாய்தானே, கட்டிவிட்டு வேலையைப் பார்" என்கிறார்கள். கட்டிவிடலாமா?

பதில்:

இப்போதைக்குக் கட்டாதீர்கள். சலானில் ஒரு கெடு தேதி அச்சாகியிருக்கும். அதற்குள் என்ன செய்வது என்று முடிவெடுத்துவிடுங்கள்.

கட்டினால் ஆயிரத்தோடு போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவுப்படி காருக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. அதே குற்றம் இரண்டாம் முறை நடந்தால் டிரைவிங் லைசென்ஸைப் பறிமுதல் செய்யலாம். இணக்கக் கட்டணம் (கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துக்கொள்ளக் கட்டும் தொகை) கட்டி முடித்த வழக்கும் "முந்தைய குற்றம்" என்று கணக்கில் சேரும் என 200-வது பிரிவு சொல்கிறது. செய்யாத தப்புக்கு இன்று சும்மா கட்டினால், நாளைக்கு உண்மையிலேயே ஒரு முறை வேகம் கூடிப்போகும்போது அது இரண்டாவதாகிவிடும். கோவைக்கும் பள்ளத்தூருக்கும் காரோட்டும் உங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, நிஜமாகவே 94-ல் போயிருந்தால்? மனசாட்சியோடு கட்டிவிடுங்கள். தை மாதத்தில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள் எத்தனை பேர்! விடியலுக்கு முன் இருட்டில், சாலை ஓரத்தில், வெறுங்காலோடு போகிறார்கள். அந்த நேரத்தில் 60 என்ற பலகைக்கு அர்த்தம் இருக்கிறது. நீங்கள் தாண்டவில்லை என்று உறுதியாகச் சொல்வதால்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் தேதிகளைப் பாருங்கள். வேக வழக்குக்கு 209-வது பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. சம்பவ இடத்திலேயே "உங்கள்மேல் வழக்கு வரலாம்" என்று எச்சரித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 14 நாளுக்குள் குற்றம், நேரம், இடம் குறித்த நோட்டீஸ் ஓட்டியவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ கிடைத்திருக்க வேண்டும் அல்லது பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் 28 நாளுக்குள் சம்மன் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றும் நடக்காவிட்டால் பொதுவாகத் தண்டிக்க முடியாது. கேமரா வழக்குகளுக்கென மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் வந்த 167ஏ விதியும் 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறது. உங்களுக்கு எஸ்.எம்.எஸ். வந்ததோ இரண்டு மாதம் கழித்து.

இங்கேதான் நம் செட்டிநாட்டு ஊர்க்காரர்கள் பலர் சறுக்குகிறார்கள். ஆர்.சி.யில் இருப்பது பள்ளத்தூர் விலாசம். வீடு வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும், தபால் திண்ணையிலோ காவல்காரர் வீட்டிலோ கிடக்கும். சட்டம் கேட்பது "அனுப்பப்பட்டதா" என்பதைத்தான். நீங்கள் பிரித்துப் படித்தீர்களா என்று அது கேட்கவில்லை. பூட்டிய வீட்டுக்கு நேரத்தோடு பதிவுத் தபால் வந்து திரும்பியிருந்தால், 14 நாள் வாதம் கையைவிட்டுப் போய்விடும். ஆகவே வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடமும் ஊர்த் தபால் நிலையத்திலும் விசாரியுங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், ஸ்பீட் போஸ்ட் கவர் ஏதாவது வந்ததா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொரு காலக்கணக்கும் உண்டு. அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்தை, சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் கோர்ட் விசாரணைக்கு எடுத்தாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-வது பிரிவு அது. சம்பவத் தேதியை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஒவ்வொரு கடிதம், எஸ்.எம்.எஸ். வந்த தேதியையும் குறித்துக்கொண்டே வாருங்கள்.

அடுத்தது படம். அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணும் இன்ஜின் அல்லது சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளும் கொடுத்தால் சலானும் படமும் திறக்கும். போன் ஸ்கிரீன்ஷாட் போதாது, முழு அளவில் இறக்கி பிரின்ட் எடுங்கள். நம்பர் பிளேட் தெளிவாக இருக்கிறதா, கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் அதிலேயே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை இருந்தே ஆக வேண்டும் என்பது அதே 167ஏ விதி. கருவிக்கு வருடந்தோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், மின்னணு ஆதாரத்துக்கு உரிய சான்றிதழ் வேண்டும், கேமரா இருக்கிறது என்று எச்சரிக்கும் பலகையும் அங்கே இருக்க வேண்டும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்த இடத்தில் பாதுகாப்பாக ஓரம்கட்டி, வேகப் பலகையும் கேமரா பலகையும் எங்கே இருக்கின்றன என்று தேதியோடு படம் எடுத்துவிடுங்கள்.

படத்தில் இரண்டு கார் இருப்பதுதான் உங்கள் வழக்கின் உயிர். லேசர் கருவி என்றால் அதன் கதிர் மிகவும் ஒடுக்கம். 300 மீட்டர் தள்ளியும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம்தான். ரேடார் அப்படி இல்லை. 100 மீட்டர் போவதற்குள் சாலை அகலம் முழுவதும் விரிந்துவிடும். பக்கத்தில் முந்திப் போன வண்டியின் வேகம் உங்கள் நம்பரில் ஏற வழி இருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: கருவி எந்த வகை, இந்த இரண்டில் எந்தக் காரை அளந்தது, அதை எதைக் கொண்டு சொல்கிறீர்கள்? "கேமரா கோணலாக இருந்தது" என்ற வாதத்தை மட்டும் எடுக்காதீர்கள். கோணத்தில் அளந்தால் உண்மை வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். அந்த வாதம் உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

அப்பத்தா காரில் இருந்தார்கள் என்பதை நான் நம்புகிறேன், ஆனால் கோர்ட்டில் அது வேகத்துக்கு ஆதாரம் ஆகாது. டேஷ்கேம் பதிவு இருந்தால் அழியாமல் எடுத்து வையுங்கள், அது தங்கம். லெம்பலக்குடி டோலில் ஃபாஸ்டாக் பதிவான நேரம் நீங்கள் எப்போது அந்தப் பக்கம் வந்தீர்கள் என்பதைத்தான் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. உங்கள் நம்பரை வேறு யாரோ மாட்டிக்கொண்டு ஓடுகிற வழக்குகளில்தான் அதற்கு முழுப் பயன்.

இனி யார் எழுதுவது? குற்றம் ஓட்டியவர் மேல், நோட்டீஸ் உரிமையாளர் பெயரில். ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை 133-வது பிரிவுப்படி அப்பச்சிக்கு இருக்கிறது. பிள்ளையைக் காப்பாற்ற "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லிவிட வேண்டாம் என்று அவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள். சலான் போட்ட அலுவலகத்துக்கு அப்பச்சி கையெழுத்தோடு ஒரு பக்க மனு போதும்: இந்தத் தேதி, இந்தச் சலான் எண், ஓட்டியது மகன், படத்தில் இரண்டு வண்டி, நோட்டீஸ் கிடைத்த தேதி இது, கருவியின் சான்றிதழ் நகலும் மூலப் பதிவும் வேண்டும், சலானை ரத்து செய்ய வேண்டும். கோபமாக ஒரு வரிகூட வேண்டாம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு வண்டி ஒட்டித் தெரிகிற படமாக இருந்தால், இந்தக் கட்டத்திலேயே முடியக்கூடிய விஷயம்தான்.

முடியாவிட்டால் வழக்கு கோர்ட்டுக்குப் போகும். மெய்நிகர் நீதிமன்ற (ஆன்லைன் கோர்ட்) தளத்துக்குப் போயிருந்தால் அங்கே இரண்டு வழி காட்டும்: அபராதம் கட்டுவது, வழக்கை எதிர்ப்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் அது வழக்கமான மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மாறும். ஓ.டி.பி. அப்பச்சி போனுக்கு வரும் என்பதால் பக்கத்தில் இருந்து செய்யுங்கள். எந்தக் கோர்ட் என்பது சம்பவ இடத்தைப் பொறுத்தது. செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. திருமயம் எல்லைக்குள் என்றால் புதுக்கோட்டை மாவட்டம், கானாடுகாத்தான் பக்கம் என்றால் சிவகங்கை மாவட்டம். சலானில் உள்ள காவல் நிலையத்தின் பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். "இல்லை" என்று சொன்னால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு போலீஸுடையது. ஒரே ஒரு சாட்சி வந்து "வேகமாகப் போன மாதிரி இருந்தது" என்றால் போதாது. கருவியின் அளவை இருந்தால்தான் தண்டிக்கலாம் என்று 183-வது பிரிவே சொல்கிறது. அந்த அளவை உங்கள் காருடையதா என்பதைத்தான் குறுக்கு விசாரணையில் கேட்கப் போகிறீர்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோவையிலிருந்து ஓடி வர வேண்டாம். வக்கீல் மூலம் ஆஜராக அனுமதி கேட்டு மனுப் போடலாம்.

வக்கீல் செலவு அபராதத்தைவிடக் கூடும், அதை மறைக்கவில்லை. என் கருத்தில் உங்கள் வழக்குக்கு மனு எழுதுவது கட்டாயம், கோர்ட் வரை போவதா என்பதை பிரின்ட் எடுத்த படத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பக்கத்துக் கார் உங்கள் காரை முந்துகிற நிலையில் தெளிவாக இருந்தால் போங்கள். அது பின்னால் தூரத்தில் இருந்து, நோட்டீஸும் நேரத்தோடு அனுப்பப்பட்டிருந்தால், கட்டிவிடத்தான் நான் சொல்வேன்.

அப்புறம் ஒன்று. அந்த எஸ்.எம்.எஸ்.ஸில் உள்ள லிங்க்கை அப்பச்சி அழுத்திவிடக் கூடாது. சலான் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைல் (போனில் செயலியை நிறுவும் ஃபைல்) அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடிகிற தளத்தை நீங்களே திறந்து, வண்டி எண் போட்டுப் பாருங்கள். அங்கே சலான் இருந்தால்தான் மேலே சொன்ன எதற்கும் வேலை.