ஆறாயிரம் ரூபாய் மிச்சமா?

கேள்வி: மகள் உயர்தர வகுப்புக்குப் போகிறாள். கிளிநொச்சிக் கடையில் ஒரு கியர் சைக்கிளில் ஏற்றிப் பார்த்தோம், உயரம் சரி. அதே சைக்கிள் இணையத்தில் ஆறாயிரம் ரூபாய் குறைவு. அங்கேயே எடுக்கலாம்தானே?
- ஒரு வாசகி, விசுவமடு

பதில்: எடுக்கலாம், காசு உங்களுடையது. ஆனால் மகளை ஏற்றி இருத்தி, சீற்றை உயர்த்திப் பதித்து, எந்த அளவு பொருந்தும் என்று காட்டினாரே கடைக்காரர், அந்த அரை மணி நேரத்துக்கு என்ன கொடுத்தீர்கள்? அளவை அவரிடம் எடுத்துக்கொண்டு காசை வேறிடத்தில் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். இணையத்தில் எடுத்தால் பெரும்பாலும் முன்சில்லும் ஹாண்டிலும் பெடலும் பூட்டாமல் பெட்டிக்குள் வரும். இடது பெடலின் புரி எதிர்ப்பக்கம் சுற்றுவது. தெரியாமல் வலதைப் போல இறுக்கினால் புரி அழிந்துவிடும். ஓடத் தொடங்கியதும் புதுச்சில்லின் கம்பிகள் தளரும், அதுவும் நம் கிரவல் றோட்டில். ஒரு மாதத்துக்குள் யாராவது இறுக்கி நெளிவு எடுக்கத்தான் வேண்டும்.

நானும் ஒருமுறை '26' என்று பார்த்து இணையத்தில் ஒரு ரயர் எடுப்பித்தேன். றிம்மில் ஏறவேயில்லை. என்னுடைய பழைய சைக்கிளுக்கு வேண்டியது 26 × 1 3/8, வந்தது 26 × 1.75. இரண்டும் 26தான், ஆனால் றிம்மில் உட்காரும் விட்டம் ஒன்றுக்கு 590 மில்லிமீற்றர், மற்றதற்கு 559. விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. சந்திக் கடைக்காரர் பழைய ரயரின் பக்கத்தில் 37-590 என்றிருந்ததைப் பார்த்து, சரியானதை அப்போதே போட்டுத் தந்தார்.

1990களில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் கிடைக்காத வன்னியைச் சுமந்தது சைக்கிள்தான். ஒட்டின் மேல் ஒட்டுப் போட்டு அவற்றை ஓட வைத்தவர்கள் இந்தத் திருத்துநர்கள். 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் காட்டி வரிசையில் நின்றோமே, அப்போதும் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு அவர்களிடம்தான் போனோம். அந்தக் கடைகள் ஒட்டுப் போடும் கூலியில் மட்டும் நிற்க முடியாது. புதுச் சைக்கிளும் விற்க வேண்டும்.

பூட்டு, பம்ப், மணி போன்றவற்றை இணையத்தில் எடுங்கள், அதில் ஒன்றும் கெட்டுப்போகாது. கடைக்காரர்களும் பற்றுச்சீட்டுக் கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது.

திரும்பப் போய் இணைய விலையை அவரிடம் நேரே சொல்லுங்கள். எவ்வளவு குறைப்பார் என்று கேளுங்கள். முதல் மாதத்துச் சில்லு வேலையை இலவசமாகச் செய்வதாகப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மகள் ரியூஷன் முடிந்து இருட்டில் வருபவள் என்றால் பின்லைற்றும் பூட்டித் தரச் சொல்லுங்கள்.