வார்த்தெடுத்த ஈயக் குண்டை கேஸில் (தோட்டாவின் பித்தளைக் கூட்டில்) இறக்கும்போது மூக்கு நசுங்குகிறது. எப்படித் தடுப்பது?

“ஸ்டெம்மை மாத்து” என்றுதான் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குண்டின் மூக்கை அழுத்தி கேஸுக்குள் தள்ளும் தண்டுதான் ஸ்டெம். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். அதைக் கேட்டு ஒரு சீசனையே வீணாக்கியவன் நான். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

இதுவரை ஜாக்கெட் குண்டு (செம்பு உறை போட்டது) ஏற்றிக்கொண்டிருந்தவர், இப்போதுதான் வார்க்க ஆரம்பித்திருக்கிறீர்கள், பழைய டை செட்டையே (பிரஸ்ஸில் மாட்டித் தோட்டா தயாரிக்கும் கருவித் தொகுப்பு) ஈயத்துக்கும் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உரிமம், சட்டம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றும். நான் துப்பாக்கி மெக்கானிக் இல்லை. .38 ஸ்பெஷல் ரிவால்வரில் இலக்குச் சுடுகிறவன், அவ்வளவுதான். ரைஃபிள்காரர்கள் வந்து சண்டைக்கு நிற்க வேண்டாம்.

முதலில் ஸ்டெம்மைப் பற்றி இரண்டு வரி. உருண்டை மூக்குக்கான குழிந்த ஸ்டெம்மால் தட்டை மூக்குள்ள செமி வாட்கட்டர் வகைக் குண்டை அழுத்தினால், குழியின் விளிம்பு மூக்கின் ஓரத்தில் ஏறி அதை மழுக்கிவிடும். தட்டை ஸ்டெம்மால் உருண்டை மூக்கை அழுத்தினால் நுனி சப்பையாகும். இது உங்கள் கதையா என்று தெரிந்துகொள்ள, குண்டின் மூக்கில் மார்க்கர் பேனாவால் மை பூசி இறக்கிப் பாருங்கள். மை எந்த இடத்தில் வழிக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் ஸ்டெம் தொடுகிறது. மெல்லிய வளையமாக மட்டும் அழிந்திருந்தால் பொருத்தம் சரியில்லை. பரவலாக அழிந்திருந்தும் மூக்கு நசுங்குகிறது என்றால் ஸ்டெம்மை விட்டுவிடுங்கள், கோளாறு கீழே இருக்கிறது.

எனக்குக் கோளாறு கீழேதான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அத்தனை நாள் ஆனது.

என் குண்டுகளின் விட்டம் 0.358 அங்குலம். கொஞ்சம் மென்மையான கலவை. ஒவ்வொரு குண்டின் மூக்கிலும் நகத்தால் கீறியது மாதிரி ஒரு பிறை விழும். ஸ்டெம்மை மெருகேற்றினேன், பிறை போகவில்லை. புது ஸ்டெம் வாங்கினேன், பிறை வளையமானது. சரி, ஈயம்தான் மென்மை என்று முடிவுகட்டி அச்சுக்கோப்பு உலோகத்தைக் கலந்தேன். சுத்த ஈயம் பிரினெல் கடின அளவில் 5 இருக்கும், லினோடைப் என்கிற அச்சுக்கோப்பு உலோகம் 22 வரை போகும். வெள்ளீயமும் ஆண்டிமனியும் சேர்ந்து கொடுக்கிற கடினம் அது. கலந்த பிறகு மூக்கு கண்ணாடி மாதிரி நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இலக்கில் சுட்டால் குண்டுகள் முன்பை விட மோசமாகச் சிதறுகின்றன, பேரலில் ஈயம் அப்படியே படிந்திருக்கிறது. என்னுடைய மிதமான வெடிமருந்து அளவுக்கு அந்தக் கடினம் தேவையே இல்லை. குண்டு விரிந்து பேரலை அடைக்காமல், ஓரத்தில் வாயு ஒழுகியிருக்கிறது.

கடுப்பில் பழைய மென்மையான சரக்குக்கே திரும்பினேன். ஒரு நாள் இரவு, ஏற்றி முடித்த தோட்டா ஒன்றை இழுப்புச் சுத்தியலில் (தட்டித் தட்டிக் குண்டைக் கழற்றும் கருவி) போட்டு நாலு தட்டுத் தட்டி, குண்டை மட்டும் வெளியே எடுத்து, மைக்ரோமீட்டரில் வைத்தேன். 0.356. நம்பாமல் திரும்ப வைத்தேன். அதே 0.356. உள்ளே போனது 0.358!

கேஸ் குண்டை நெரித்திருக்கிறது. டை செட்டோடு வந்த விரிப்பான் (குண்டு நுழைய கேஸின் வாயை அகட்டும் பிளக்) ஜாக்கெட் குண்டுக்கான அளவு. செம்பு ஜாக்கெட் 0.357 தான், அதுவும் கெட்டி. அதற்கு இறுக்கமான கழுத்து போதும். ஈயமோ அதைவிடப் பருமன், பஞ்சு மாதிரி மென்மை. பித்தளை விட்டுக்கொடுக்காத இடத்தில் ஈயம் விட்டுக்கொடுக்கிறது. அந்தத் தடையைத் தாண்டிக் குண்டை இறக்க நான் லீவரை அமுக்க அமுக்க, அந்த விசை முழுவதையும் மூக்குதான் வாங்கிக்கொள்கிறது. மூக்கில் விழுந்த பிறை வெறும் அறிகுறி. பேரலில் ஈயம் படிந்ததில் கடினத்தோடு இதற்கும் பங்கு இருந்திருக்கும். 0.356 ஆகச் சுருங்கிய குண்டு பேரலின் 0.357 அங்குலப் பள்ளத்தில் எப்படி அடைபடும்?

விரிப்பான் பிளக்கை மட்டும் மாற்றினேன். லைமன் ‘எம்’ டை மாதிரி இரண்டு படி உள்ளது. கீழ்ப்படி குண்டை விட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு சிறியது, மேல்படி குண்டை விட ஒரு மயிரிழை பெரியது. இப்போது குண்டைக் கட்டைவிரலால் கேஸ் வாயில் வைத்தால் நேராக நிற்கிறது, சாய்வதில்லை. லீவர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. பழைய ஸ்டெம், பழைய ஈயம், மூக்கில் ஒரு கீறல் இல்லை. வாயை ரொம்பவும் அகட்டிவிடாதீர்கள், பித்தளை சீக்கிரம் பிளக்கும். அதே சமயம் கழுத்தை லூசாகவும் விடாதீர்கள். ரிவால்வரில் மற்ற தோட்டாக்களின் உதைப்பில் குண்டு முன்னால் நகர்ந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதிலும் நான் மாட்டியிருக்கிறேன். சீட்டிங்கையும் (குண்டை இறக்குவது) கிரிம்ப்பையும் (கேஸ் வாயை உள்ளே மடித்து இறுக்குவது) ஒரே அமுக்கில் முடிக்கிறீர்களா? கேஸ்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்காது. நீளமான கேஸ் வந்தால், குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் உள்ளே மடிந்து ஈயத்தைக் கவ்விவிடும். மேலே ஸ்டெம் தள்ளுகிறது, கீழே பித்தளை பிடித்துக்கொள்கிறது, நடுவில் மூக்கு என்ன செய்யும்? டையின் உடலை ஒரு சுற்று மேலே தூக்கி, முதலில் எல்லாவற்றையும் இறக்கி முடியுங்கள். அப்புறம் ஸ்டெம்மை விலக்கிவிட்டு டையைக் கீழே கொண்டுவந்து தனியாக கிரிம்ப் போடுங்கள். நேரம் பிடிக்கும்தான். நாம் என்ன ஃபேக்டரியா நடத்துகிறோம்.

ஸ்டெம்மின் குழியில் குண்டின் மசகு சேர்ந்துகொண்டே வரும், அதையும் பாருங்கள். ஐம்பது தோட்டாவுக்கு ஒருமுறை நான் துடைப்பேன். துடைக்காமல் விட்டால் சேர்ந்த கெட்டி மசகு குண்டை இன்னும் ஆழமாகத் தள்ளும். ஆழம் கூடினால் உள்ளே இடம் குறையும், அழுத்தம் ஏறும். இது மூக்கின் அழகு சம்பந்தப்பட்டதில்லை, உங்கள் விரல்கள் சம்பந்தப்பட்டது. நீளத்தை அவ்வப்போது அளந்துகொண்டே இருங்கள்.

மசகு ஏற்றிக் குண்டைச் சரியான விட்டத்துக்குக் கொண்டுவரும் கருவி வைத்திருந்தால், சீட்டிங்கைக் குறை சொல்வதற்கு முன் அதன் மேல் பஞ்ச்சை (மேலிருந்து அழுத்தும் தண்டை) பாருங்கள். அதுவும் மூக்கைத்தான் பிடித்து அமுக்குகிறது. பஞ்ச் பொருந்தாவிட்டால் மூக்கு அங்கேயே கெட்டு வந்திருக்கும், பழி டை மேல் விழும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஸ்டெம்தான் காரணம் என்றால், புதிது வாங்க வேண்டியதில்லை. ஸ்டெம்மை நன்றாகக் கழுவி, குழியில் எபாக்ஸி பசை நிரப்பி, மூக்கில் மெழுகு தடவிய குண்டை அதில் அழுத்தி ஒரு நாள் விடுங்கள். உங்கள் குண்டுக்கென்றே வார்த்த ஸ்டெம் கிடைத்துவிடும். பிரைமரும் (பற்றவைக்கும் மூடி) வெடிமருந்தும் இல்லாத வெறும் கேஸில் குண்டை வைத்து, பிரஸ்ஸிலேயே செய்தால் நடுவில் சரியாக உட்காரும். ஹாட் குளூவிலும் செய்யலாம், பிடிக்காவிட்டால் பிய்த்துவிடலாம்.

“மூக்கில் சின்னத் தழும்பு இருந்தால் என்ன, அடிப்பாகம்தானே முக்கியம்” என்று ஒருவர் வந்து சொல்லப்போகிறார். சரிதான். பேரலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிப்பாகம், அங்கே ஒரு பக்கம் பொத்தல் இருந்தால் வாயு கோணலாகப் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். நான் மூக்குக்காக அழவில்லை. மூக்கு எதைக் காட்டிக்கொடுக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

      

மூக்கில் ஓட்டையுள்ள ஹாலோ பாயிண்ட் குண்டு என்றால் எபாக்ஸி வேலையில் ஒரு சிக்கல் உண்டு, பசை ஓட்டைக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும். முதலில் ஓட்டையை மெழுகால் அடைத்துவிடுங்கள், அல்லது பேசாமல் தட்டை ஸ்டெம்மையே போடுங்கள்.